வாசகர் கேள்வி: ஓக் புதருக்குத் தீ வைப்பது ஏன்?

கேள்வி: ஃபுளோரிடாவில் மகன் வீட்டருகே உள்ள காப்புக்காட்டில், பராமரிப்பவர்களே ஓக் புதர்களுக்குத் தீ மூட்டினார்களாம். இயந்திரத்தால் வெட்டினால் போதாதா? நம் சிங்கப்பூருக்கு இது சரிவருமா?
– வாசகி, ஈசூன்

பதில்: வெட்டினால் மட்டும் போதாது. அந்த மணல்நிலத்து ஓக் வகைகள் தீயோடு வாழப் பழகியவை. மேலே கருகினாலும் மண்ணுக்கடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஃபுளோரிடாவில் மட்டுமே வாழும் ஸ்க்ரப் ஜே பறவைக்கு 1 முதல் 2 மீட்டர் உயரப் புதரும் இடையிடையே வெறும் மணல்திட்டும் வேண்டும். ஓக் கொட்டைகளை அந்த மணலில்தான் புதைத்துவைத்துத் தின்னும். புதர் உயர்ந்தால் பருந்துக்கு வசதி, ஜேவுக்கு ஆபத்து. 1987-ல் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டது. வெட்டிப்போட்ட தழை மணலை மூடிவிடும். தீதான் அதைத் திறக்கும்.

20 ஆண்டுக்குமேல் எரியாத புதரில்தான் சிக்கல். தண்டு தடித்துவிடும். ஈரமான நாளில் மூட்டினால் அணைந்துபோகும். பிடிக்கும் அளவுக்குக் காய்ந்த நாளிலோ அடங்காது. அதனால் முதலில் கத்திகள் பதித்த உருளையை டிராக்டரில் இழுத்து நசுக்குவார்கள், அல்லது ரம்பத்தால் சாய்ப்பார்கள். பிறகு சில வாரம் காயவிட வேண்டும். காய்ந்த இலை கிளையில் ஒட்டியிருக்கும்போதே எரிப்பது நல்லது. தாமதித்தால் இலை உதிர்ந்து, புதுத்துளிர் எழுந்து, தீ திட்டுத்திட்டாகத்தான் பரவும். உருளையைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் மண் கலைந்து களைப்புல் நுழையும்.

எரிக்கும் நாளில் காற்று ஒரே திசையில் நிலையாக வீச வேண்டும். சுற்றிலும் மண் தெரியுமளவு தீத்தடுப்புக் கோடு கீறி, ஓரத்தில் சிறிதாக மூட்டிச் சோதித்துப் பார்ப்பார்கள். எரியும் எண்ணெயைச் சொட்டவிட்டுத் தீ மூட்டும் கருவியான சொட்டுத்தீப்பந்தத்தில் டீசல் 3 பங்கு, பெட்ரோல் 1 பங்கு ஊற்றுவது வழக்கம். பெட்ரோல் கூடினால் சட்டென எரிந்து தீர்ந்துவிடும், குறைந்தால் பற்றாது. முதல் தீயைக் காற்று போய்ச் சேரும் ஓரத்தில் வைப்பார்கள். அது காற்றை எதிர்த்து மெல்ல ஊர்ந்து கருகிய பட்டையை அகலப்படுத்தும். பட்டை போதிய அகலம் ஆகுமுன் எதிர்ப்பக்கம் மூட்டுவதுதான் தீ எல்லை தாண்ட வழிவகுக்கும். எரிந்தபின் புகையும் கட்டைகளைத் தேடித்தேடி நனைக்க வேண்டும். இரவுப் பனியோடு புகை கலந்தால் நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டி தெரியாது. முழுக்காட்டையும் ஒரே தடவையில் எரிக்கவும் கூடாது. ஜே குடும்பங்கள் ஆண்டு முழுவதும் தங்கள் எல்லையை விட்டு நகர்வதில்லை.

சிங்கப்பூருக்கு இது வேண்டவே வேண்டாம். செடிகொடிகளைத் திறந்தவெளியில் எரிக்க இங்கே அனுமதியில்லை. புக்கிட் தீமா போன்ற மழைக்காட்டு மரங்களும் தீக்குப் பழகியவை அல்ல. காட்டோரத்தை அடைத்திருக்கும் ரெசாம் பெரணி எளிதில் எரியும். ஆனால் மண்ணுக்கடியில் உள்ள தண்டிலிருந்து மீண்டும் அடர்ந்து, மரக்கன்றுகளை எழவிடாது. அதைக் கையால் அகற்றி, அந்த இடத்தில் உள்நாட்டு மரங்களை நட்டு நிழல் உண்டாக்குங்கள். நிழல் விழுந்தால் ரெசாம் தானாகவே மெலியும்.