மிக்ஸரில் நேராகச் செருகிய கிட்டார் மங்குவது ஏன்? குறைந்த விலை பிரீஆம்ப் பற்றிய கேள்வி பதில்

நாகர்கோவிலில் கிட்டார் பழுது பார்ப்பதும் ஆலயங்களில் ஒலி அமைத்துக் கொடுப்பதும் என் தொழில். என்னிடம் வரும் எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை பாடகர் குழுவிலோ இன்னிசைக் குழுவிலோ வாசிக்கப்படுபவை. அவற்றுக்கென்று தனி ஆம்ப், அதாவது ஸ்பீக்கருடன் கூடிய ஒலிபெருக்கி, இருப்பது அரிது. பிரீஆம்ப், அதாவது கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைத்து கிட்டாரின் ஒலியைச் சீராக்கும் சிறிய பெட்டி, வாங்குவது பற்றி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மார்த்தாண்டம்: ஐயா, ஆலயத்தில் கிட்டாரை நேராக மிக்ஸரில் செருகி வாசிக்கிறேன். நண்பரின் சிறிய ஆம்பில் கணீரென்று கேட்கும் அதே கிட்டார், இங்கே போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிக் கேட்கிறது. ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சல்தான் கூடுகிறது. பிரீஆம்ப் வாங்கினால் இது தீருமா?

தீரும். ஆனால் காரணத்தைப் புரிந்துகொண்ட பிறகே வாங்குங்கள், அப்போதுதான் சரியானதைத் தேர்ந்தெடுக்க முடியும்.

கிட்டார் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை சுற்றப்பட்ட மெல்லிய செம்புக் கம்பி. ஒற்றைச் சுருள் பிக்கப்பை மீட்டரில் அளந்தால் ஏறத்தாழ 6 கிலோ ஓம் காட்டும். அது சுருள் என்பதால், ஒலியின் அதிர்வெண் ஏற ஏற அதன் எதிர்ப்பும் ஏறி, 3000 ஹெர்ட்ஸ் அளவில் 40 கிலோ ஓமைத் தாண்டிவிடும். உங்கள் மிக்ஸரின் லைன் இன்புட் 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டும் சேரும்போது தாழ்ந்த சுரங்களில் மூன்றில் ஒரு பங்கு இழப்பு ஏற்படும்; கிட்டாருக்குத் தெளிவு தரும் 3000 ஹெர்ட்ஸ் பகுதியிலோ ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். கிட்டார் ஆம்பின் இன்புட் வழக்கமாக 1 மெகா ஓம், அதாவது நூறு மடங்கு அதிகம் என்பதால் நண்பரின் ஆம்பில் இந்த இழப்பு நேருவதில்லை. கிட்டாருக்கான பிரீஆம்பின் இன்புட்டும் இப்படி உயர்ந்ததுதான். போன ஒலியை மிக்ஸரின் ட்ரெபிளால் திரும்பக் கொண்டுவர முயன்றால், அந்தப் பகுதியில் மிக்ஸருக்கே உரிய இரைச்சலும் சேர்ந்தே ஏறும். நீங்கள் கேட்பது அதைத்தான்.

செலவில்லாமல் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பாஸ் (Boss) நிறுவனத்தின் டியூனர் பெடல், அதாவது சுருதி சேர்க்கக் காலால் மிதித்து இயக்கும் பெட்டி, யாரிடமாவது இருந்தால் ஓர் ஆராதனைக்கு இரவல் வாங்கி, கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வையுங்கள். பவர் கொடுத்திருந்தால், டியூனரைக் காலால் அணைத்திருக்கும்போதும் அதனுள் இருக்கும் பஃபர், அதாவது கிட்டாரின் சிக்னலை இழப்பில்லாமல் வாங்கி அனுப்பும் சுற்று, வேலை செய்துகொண்டே இருக்கும். கிட்டாரின் ஒலி உடனே திறந்துகொண்டால் காரணம் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது மேலே சொன்ன இன்புட்டின் எதிர்ப்புதான் என்பது உறுதியாகிவிடும். உங்கள் மிக்ஸரில் கிட்டாருக்கென்று ‘ஹை-இஸட்’ என்ற பொத்தான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் அது இருப்பது தெரியாமலேயே வருடக்கணக்கில் வாசிக்கிறார்கள்.

இரண்டாவது காரணமும் ஒன்று உண்டு. கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வெகுவாகக் குறைத்துவிடும். ஆலயத்தின் ஸ்பீக்கர் பெட்டியோ பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்பதற்காகச் செய்யப்பட்டது என்பதால் எல்லாவற்றையும் அப்படியே வெளியிடும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை நேராக அதில் கேட்டால் தகரத்தை ஆணியால் கீறுவது போல இருப்பது இதனால்தான். ஆகவே நீங்கள் வாங்கும் பிரீஆம்பில் ஸ்பீக்கரின் தன்மையைப் போலச் செய்யும் பகுதி, அதாவது ஸ்பீக்கர் சிமுலேஷன், கட்டாயம் இருக்க வேண்டும். இது இல்லாத வெறும் பூஸ்டர் பெடல், ஆம்ப் வைத்திருப்பவருக்கு மட்டுமே பயன்படும்.

குளச்சல்: அண்ணா, நான் கல்லூரி மாணவன். 5000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. எந்த மாடலை வாங்கலாம்?

தம்பி, 1989-ஆம் ஆண்டு டெக் 21 நிறுவனம் சான்சாம்ப் என்ற சிறிய பெட்டியைக் கொண்டுவந்தது. ஆம்பின் ஒலியையும் ஸ்பீக்கரின் ஒலியையும் சேர்த்துத் தந்து, நேராக மிக்ஸரில் செருக வழி செய்த முன்னோடிக் கருவி அது. அதன் வழியில் வந்த குறைந்த விலை பெடல்களைத் தேடுங்கள்.

என் முதல் தேர்வு ஜோயோ நிறுவனத்தின் அமெரிக்கன் சவுண்ட். ஃபெண்டர் ஆம்பின் தெளிந்த ஒலியைப் பின்பற்றும் இந்தப் பெடலில் பாஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் தனித்தனியாக இருப்பதால், எதிரொலிக்கும் ஆலயத்தில் பாஸை மட்டும் குறைத்துக்கொள்ள முடியும். கரகரப்பைக் கூட்டும் டிரைவ் குமிழைக் கடிகாரத்தின் 9 மணி அளவிலும் மற்றவற்றை நடுவிலும் வைத்துத் தொடங்குங்கள். பாடலுக்குக் கார்டு வாசிப்பவருக்கு அதற்கு மேல் டிரைவ் தேவைப்படுவதில்லை. மார்ஷல் போன்ற கரகரப்பு வேண்டுமானால் அதே நிறுவனத்தின் பிரிட்டிஷ் சவுண்ட் இருக்கிறது.

பெஹ்ரிங்கரின் ஜிடிஐ21 மற்றொரு நல்ல தேர்வு. அதில் மைக் கேபிளை நேராகச் செருகும் எக்ஸ்எல்ஆர் அவுட்புட் இருப்பதால், மேடையிலிருந்து தூரத்தில் இருக்கும் மிக்ஸருக்குத் தனி டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) இல்லாமலேயே அனுப்பலாம். பெட்டி பிளாஸ்டிக் என்பதால் காலால் ஓங்கி மிதிப்பவருக்கு அது சரிப்படாது. பழைய பெடல் வாங்குவதானால், விலை பேசுவதற்கு முன் ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசியோ துருவோ இருக்கிறது.

குலசேகரம்: உள்ளே வால்வு எரிவது தெரியும் பிரீஆம்ப் மலிவாகக் கிடைக்கிறது. அதில் ஆம்பின் உண்மையான ஒலி வருமா?

பெரும்பாலும் வராது. இவற்றில் வழக்கமாக இருக்கும் 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு, ஆம்புகளில் 200 வோல்ட்டுக்கு மேல் வேலை செய்கிறது. மலிவான பெட்டிகள் பலவற்றில் அதற்கு மிகக் குறைந்த வோல்ட்தான் கிடைக்கும். ஒலியின் பெரும் பகுதியைப் பக்கத்தில் இருக்கும் டிரான்சிஸ்டர்களே உருவாக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

முட்டம்: பிரீஆம்ப் வாங்கிய பிறகு ‘உம்’ என்ற சத்தம் அதிகமாகிவிட்டது. கம்பியைத் தொட்டால் குறைகிறது. திருவிழா மேடையில் மைக்கில் உதடு பட்டபோது ஷாக்கும் அடித்தது. பிரீஆம்ப் கெட்டுவிட்டதா?

பிரீஆம்ப் கெடவில்லை, முன்பே இருந்த சத்தத்தை அது பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்ன ஷாக்தான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது, எனவே முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

கிட்டாரின் கம்பிகள் கேபிள் வழியாக எர்த்துடன் இணைந்தவை. கம்பியைத் தொட்டால் சத்தம் குறைவதும் இதனால்தான். மைக் ஓரிடத்திலும் கிட்டாரின் பவர் வேறோரிடத்திலும் இணைக்கப்பட்டு, இரண்டில் ஒன்றுக்கு எர்த் சரியில்லை என்றால், உங்கள் உதட்டுக்கும் விரலுக்கும் நடுவே மின்சாரம் பாயும். ஜெனரேட்டரில் ஓடும் பந்தல் மேடைகளில் இந்த ஆபத்து அதிகம். ‘உம்’ சத்தம் போக வேண்டும் என்பதற்காகப் பிளக்கின் எர்த்துக்கான மூன்றாவது காலை உடைப்பதை நான் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். அது உயிரைப் பறிக்கும். மிக்ஸர், ஆம்ப், பெடல் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து பவர் எடுக்கச் சொல்லுங்கள். எர்த் இருக்கிறதா என்று மின் பணியாளர் மீட்டர் வைத்துப் பார்க்காமல் வாசிக்காதீர்கள். மைக் செட்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இனி சத்தத்துக்கு வருவோம். செல்போன் சார்ஜரையோ கிடைத்த அடாப்டரையோ பெடலுக்குப் போடாதீர்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் ஆன அடாப்டர் வேண்டும். ஒரு நாள் 9 வோல்ட் பேட்டரி போட்டு வாசித்துப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி அடாப்டர். போகாவிட்டால், நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள். ஒரு திசையில் சத்தம் குறைந்தால் ஒற்றைச் சுருள் பிக்கப் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மரின் 50 ஹெர்ட்ஸை வாங்குகிறது என்று பொருள். அந்தத் திசையைப் பார்த்து நின்று வாசிப்பதே அதற்கு எளிய வழி.

தக்கலை: அக்கூஸ்டிக் கிட்டாரின் பிரீஆம்பை எலக்ட்ரிக்குக்குப் பயன்படுத்தலாமா?

மங்கல் போய்விடும், ஆனால் ஸ்பீக்கர் சிமுலேஷன் இல்லாததால் ஒலி கூர்மையாகவும் மெலிந்தும் இருக்கும். கையில் இருந்தால் பயன்படுத்துங்கள், புதிதாக வாங்க வேண்டாம்.

மணவாளக்குறிச்சி: கடலுக்கு மிக அருகில் வீடு. வாங்கியபோது இருந்த ஒலி ஒரே வருடத்தில் போய்விட்டது. பிரீஆம்ப் போட்டால் திரும்புமா?

கம்பியை மாற்றும் வரை எதுவும் வாங்காதீர்கள். வாசித்து முடித்ததும் உங்கள் விரல் நுனியைப் பாருங்கள். பழுப்புக் கோடு பதிந்திருந்தால் கம்பியில் துரு ஏறிவிட்டது. துருவேறிய கம்பி எழுப்பாத ஒலியை எந்தப் பிரீஆம்பாலும் உண்டாக்க முடியாது.

போன மாதம் கடலோர ஊரிலிருந்து வந்த ஒரு கிட்டாரின் ஜாக்கைத் திறந்தேன். பிளக்கின் முனையைத் தொட வேண்டிய உலோக நாக்கில் பச்சைக் களிம்பு மாவு போலப் படிந்திருந்தது. காண்டாக்ட் கிளீனர் தெளித்து, பஞ்சால் துடைத்து, நாக்கை இலேசாக உள்ளே வளைத்துவிட்டேன். அவர் வாங்க நினைத்திருந்த பிரீஆம்ப் தேவைப்படாமலே போனது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழைக்காலமும் உண்டு. உப்புக் காற்றும் ஈரமும் சேரும் அந்த மாதங்களில் கிட்டாரைத் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் உறைக்குள் வையுங்கள். பயன்படுத்தாத பெடலில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள்.

வடசேரி: வீட்டில் கணினியில் பதிவு செய்ய மட்டும் வேண்டும், சார். எந்தப் பிரீஆம்ப் நல்லது?

எதுவும் வேண்டாம். அந்தப் பணத்தை, ‘இன்ஸ்ட்’ என்ற கிட்டார் இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸில், அதாவது ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டியில், போடுங்கள். இம்பீடன்ஸ் சிக்கலை அதுவே தீர்த்துவிடும். ஆம்பின் ஒலியைப் போலச் செய்யும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதனுடன் ஸ்பீக்கரின் தன்மையைப் பதிந்து வைத்திருக்கும் ஓர் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பைச் சேர்த்தால் ஆம்பும் ஸ்பீக்கரும் கணினிக்குள்ளேயே அமைந்துவிடும். கிட்டாரிலிருந்து இன்டர்ஃபேஸுக்குச் செல்லும் கேபிள் 3 மீட்டருக்கு மேல் வேண்டாம். கேபிள் நீள நீள அதன் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) கூடி ட்ரெபிளைத் தின்னும்.