யாழ்ப்பாணத்து சைக்கிளும் ஹட்டன் ஏற்றமும்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்தவரை ஞாயிறுதோறும் பண்ணைப் பாலம் தாண்டி வேலணைப் பக்கம் சைக்கிளில் போய்வருவேன். இப்போது மாற்றலாகி ஹட்டனில் இருக்கிறேன். அதே கியர் இல்லாத சைக்கிளில் மூன்று கிலோமீற்றர் போவதற்குள் மூச்சு வாங்குகிறது. உயரம்தான் காரணமா? சைக்கிளை விற்றுவிடலாமா? நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்கிப் பார்க்கவும் ஆசை.

பதில்: உயரத்தின் மேல் பழி போடாதீர்கள். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். காற்றழுத்தம் யாழ்ப்பாணத்தைவிட ஏழில் ஒரு பங்குதான் குறைவு. கடுமையாக மிதித்தால் கொஞ்சம் தெரியும், சில வாரங்களில் பழகிவிடும்.

உங்களைப் படுத்துவது பல்சக்கரம். முன்னே 44 பல், பின்னே 18 என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் மணிக்கு 18, 19 கிலோமீற்றர் வரும். சமதரைக்கு அருமை. நூறு மீற்றருக்கு ஏழு மீற்றர் உயரும் பாதையில் அந்த வேகத்தில் ஏற ஒரு பந்தய வீரர்தான் வேண்டும். நம்மால் முடிந்தது மணிக்கு ஏழோ எட்டோ கிலோமீற்றர். அப்போது கால் நிமிடத்துக்கு 25 தடவைதான் சுற்றும், ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இறங்கும். சோளகக் காற்றுக்கு எதிரே மிதித்தவர் நீங்கள், உழைப்பு புதிதல்ல. ஆனால் மெதுவாகப் போனால் காற்றின் எதிர்ப்பு குறையும். ஏற்றத்தின் இழுப்பு எவ்வளவு மெதுவாகப் போனாலும் அப்படியேதான் இருக்கும்.

பின்னே 22 பல் மாட்டினால் கொஞ்சம் இலேசாகும், தீர்வாகாது. முன்னே உள்ள சிறிய சக்கரமும் பின்னே உள்ள பெரிய சக்கரமும் பல் எண்ணிக்கையில் கிட்டத்தட்ட சமமாக வரும் கியர் சைக்கிள் தேடுங்கள். பாவித்த மவுண்டன் பைக் போதும். பழையதை விற்காதீர்கள், ஊரில் வைத்தால் விடுமுறைக்கு உதவும்.

ஏற்றத்தைவிட எனக்குப் பயம் இறக்கத்தில்தான். ஏற்றம் களைப்பைத்தான் தரும், இறங்கி உருட்டிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சாய்ந்து திரும்பும்போது பிரேக்கை இறுக்கினால் ஈரத் தாரில் டயர் வழுக்கும். முன் பிரேக்கும் பின் பிரேக்கும் இரண்டும் வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் நீண்ட இறக்கத்தில் பிடித்தபடியே வராதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். நன்றாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. ரிம்மை விட்டு, சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் மழை நாட்டுக்கு ஆடம்பரமில்லை என்பேன். வளைவில் எப்போதும் இடப்பக்கமே இருங்கள். எதிரே வரும் பஸ் திரும்ப முழுப் பாதையும் தேவைப்படும்.

பழக, டிக்கோயா தாண்டி நோர்வூட் பக்கம், காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதை நல்லது. தோட்டப் பாதைகளில் கேட்டுவிட்டுப் போங்கள். கிலோமீற்றரை மறந்து, ஏறிய மீற்றரைக் கணக்கிடுங்கள். போன் செயலி காட்டும். முதலில் ஒரு சவாரிக்கு 200 மீற்றர் போதும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை உங்கள் பக்கத்தைத்தான் நனைக்கும். அந்த மாதங்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஒக்டோபர், நவம்பரில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில், காலையிலேயே முடித்துவிடுங்கள். பனிமூட்டத்தில் முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும். வியர்த்த உடம்போடு இறங்கினால் குளிர் பிடிக்கும், மெல்லிய காற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

இறம்பொடை இறக்கம்? இப்போது வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகள், லொறி, பஸ், மூட்டம் எல்லாம் சேர்ந்து வரும். நோர்வூட் பாதையில் ஒரு மழைக்காலம் முழுக்க இறங்கிப் பழகியபின், டிஸ்க் பிரேக்கோடு, காய்ந்த ஒரு காலையில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு போங்கள்.