ஒரு கரண்டி எண்ணெய்

கேள்வி: 2023-இல் இங்கிலாந்தின் மூன்றாம் சார்லஸுக்கு முடிசூட்டியபோது எண்ணெய் பூசும் நேரத்தில் மட்டும் திரை வைத்து மறைத்துவிட்டார்களே, ஏன்? அரசர் கடவுளின் அருளால் ஆள்கிறார் என்று அங்கே இன்னுமா நம்புகிறார்கள்? நம் வள்ளுவரும் அரசனை 'இறை' என்றுதானே சொல்கிறார்? (வாசகர், காரைக்குடி)

பதில்: முதலில் எண்ணெய். எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறகு தேங்காய், கடலை, ஆமணக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைக் கொடுத்து, தரைக்கு அடியில் கிடைத்ததையும் மண்ணெண்ணெய் ஆக்கிவிட்டோம். எள்ளுக்கு நாம் செய்த அநியாயம் இது என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். சார்லஸுக்குப் பூசியதை நீங்கள் 'எண்ணெய்' என்று எழுதியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஜெருசலேமின் ஒலிவ மலையில் இரண்டு மடங்களின் தோப்புகளில் பறித்த காய்களைப் பெத்லகேமுக்கு அருகே பிழிந்து, ரோஜா, மல்லிகை, லவங்கப்பட்டை, ஆரஞ்சுப் பூ ஆகியவற்றோடு எள்ளின் மணத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். எள் அங்கேயும் போயிருக்கிறது!

பழைய தைலத்தில் புனுகு உண்டு. இந்த முறை விலங்குப் பொருள் எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதற்கு முன், 1941-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் தைலப் புட்டியே அழிந்துபோக, 1953-இல் எலிசபெத்துக்காகப் புதிதாகக் கலக்க வேண்டியிருந்தது. காலத்துக்குக் காலம் மனிதர்கள் பக்குவம் பார்த்துக் கலக்கும் ஒன்றைத் தெய்வ அதிகாரத்தின் முத்திரை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தைலத்தை ஊற்றும் கரண்டியின் கதை இன்னும் பெரியது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பொன்முலாம் பூசிய வெள்ளிக் கரண்டி அது. 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய பிறகு, பாராளுமன்றம் மணிமுடியை உருக்கி நாணயமாக்கியது. கரண்டியை 16 ஷில்லிங்குக்கு விற்றது. வாங்கிய கின்னர்ஸ்லி என்ற அரண்மனை அலுவலர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, முடியாட்சி திரும்பியதும் இரண்டாம் சார்லஸிடம் கொடுத்தார். இன்றைய மன்னருக்கு எண்ணெய் ஊற்றியதும் அதே கரண்டிதான்.

அந்த முதலாம் சார்லஸின் தந்தை முதலாம் ஜேம்ஸ், 1610-இல் பாராளுமன்றத்தில் பேசியதைப் படித்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அரசர்களைக் கடவுளே கடவுளர் என்று அழைக்கிறார் என்றார். கடவுளால் என்ன செய்ய முடியும் என்று தர்க்கம் செய்வது தெய்வ நிந்தனை, அரசரால் என்ன செய்ய முடியும் என்று குடிமக்கள் தர்க்கம் செய்வது ராஜத்துரோகம் என்றார். கேள்வி கேட்பதே குற்றம் என்பதுதான் இந்தக் கொள்கையின் உயிர். தந்தை வானுலகம் ஏறுவதாக ஓவியர் ரூபன்ஸைக் கொண்டு லண்டன் விருந்து மண்டபத்தின் மேற்கூரையில் ஓவியம் தீட்டவைத்தவர் மகன். கொலைமேடைக்குப் போன அன்று அந்த ஓவியத்துக்குக் கீழேதான் நடந்து போனார். விசாரணையில் அவர் விடாமல் கேட்டது ஒன்றே: எந்த அதிகாரத்தின் பேரில் என்னை விசாரிக்கிறீர்கள்? நல்ல கேள்வி. அதையே தன் குடிமக்கள் தன்னிடம் கேட்க அவர் இடம் கொடுத்ததில்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. அரசரின் கை பட்டால் கண்டமாலை தீரும் என்று நம்பினார்கள். கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கும் நோய் அது. காசநோய்க் கிருமியின் வேலை. இரண்டாம் சார்லஸ் மட்டும் 90,000 பேருக்கு மேல் தொட்டிருப்பதாகப் பதிவேடுகள் சொல்கின்றன. 1712-இல் ஆன் அரசியிடம் இரண்டரை வயதுப் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் லண்டன் வரை போனாள். அரசி தொட்டார், ஒரு பொற்காசும் கிடைத்தது, நோய் தீரவில்லை. பின்னாளில் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன்தான் அந்தப் பிள்ளை. முகத்திலும் கழுத்திலும் தழும்போடு வாழ்ந்த அவர், காசைச் சாகும்வரை கழுத்தில் அணிந்திருந்தார். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு வேறு வாசல் இல்லை.

இன்றும் நம்புகிறார்களா என்கிறீர்கள். சட்டம் நம்பவில்லை. யார் அரசர் என்பதை 1701-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் முடிவு செய்கிறது. நாணயத்தில் மட்டும் 'கடவுள் அருளால்' என்பதன் லத்தீன் சுருக்கம் தொடர்கிறது. 1849-இல் அது இல்லாமல் ஃபுளோரின் என்ற நாணயம் வெளியானது. 'கடவுளற்ற காசு' என்று கூச்சல் எழ, திரும்பச் சேர்த்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் ஆறாம் ஜார்ஜ் ரூபாய் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 'கிங் எம்பரர்' என்று இருக்கும், அருள் இருக்காது. நம்மை ஆள்வதற்குக் கடவுளின் பெயரைச் சொல்லவேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

வள்ளுவருக்கு வருகிறேன். மேடைக்கு மேடை 'இறையென்று வைக்கப்படும்' என்ற வாலை மட்டும் பிடித்துக்கொண்டு முழங்குகிறவர்களோடு எனக்குப் பல ஆண்டுச் சண்டை. குறள் 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்று தொடங்குகிறது. முறை செய்ய வேண்டும், காப்பாற்ற வேண்டும். அதன் பிறகுதான் மக்களுக்கு இறை. அதுவும் பிறப்பாலோ எண்ணெயாலோ அன்று, அப்படி 'வைக்கப்படுகிறான்'. அடுத்த குறளையும் படியுங்கள்: 'செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்'. காது கசக்கக் கசக்கச் சொன்னாலும் பொறுப்பவன். ஜேம்ஸின் பேச்சுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். இந்த இரண்டையும் ஒரே கொள்கை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

திரைக்குக் காரணம், சடங்கிலேயே மிகப் புனிதமான நேரம் அது, கடவுளுக்கும் அரசருக்கும் இடையிலானது என்ற எண்ணம். 1953-இலும் அந்த நேரத்தைத் தொலைக்காட்சியில் காட்டவில்லை. வழக்கத்தின் வேர் பைபிளில் இருக்கிறது. அங்கேயே போய்ப் படித்தேன். எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது, தீர்க்கதரிசி சாமுவேல் அவர்களிடம் வரப்போவதைச் சொல்கிறார்: உங்கள் பிள்ளைகளைத் தன் ரதத்துக்கு முன்னே ஓடவைப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுப்பான், உங்கள் பெண்களைத் தைலம் செய்கிறவர்களாகவும் சமைக்கிறவர்களாகவும் கொண்டுபோவான். ஒரு நாள் கதறுவீர்கள், அப்போது கர்த்தர் செவிகொடுக்க மாட்டார். எல்லாவற்றையும் கேட்ட பிறகும் ஜனங்கள் ராஜாதான் வேண்டும் என்றார்கள். சாமுவேல் தைலக்குப்பியை எடுத்தார்.