நகையை அடகு வைத்து மாநகராட்சிப் பத்திரம் வாங்கலாமா?

கேள்வி: மாநகராட்சி கடன் திரட்ட விற்கும் பத்திரம் அரசு சார்ந்தது, 8.25% வட்டி, பயமே வேண்டாம் என்று மச்சான் சொன்னதால் மனைவியின் நகையை 11% வட்டிக்கு அடகு வைத்து 4 லட்சம் வாங்கிவிட்டேன். சந்தையில் இந்தூர் பத்திரம் வாங்கலாமா? முன்பு சகலையின் சீட்டுக்காகவும் இதே நகை அடகுக்குப் போய் வந்தது. — ஈரோடு வாசகர்

பதில்: பணம் இன்னும் உங்கள் கணக்கில்தானே இருக்கிறது? வாங்காதீர்கள். 4 லட்சத்துக்கு வருடம் 44,000 வட்டி கட்டுவீர்கள், பத்திரம் தருவது 33,000, அதற்கும் வரி உண்டு, 20% என்றால் 6,600 போய்விடும். ஆக வருடத்துக்குச் சுமார் 17,600 கையை விட்டுப் போகும், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

பத்திரத்தைக் குறை சொல்லவில்லை. நர்மதைத் தண்ணீரை நகரத்துக்கு ஏற்றும் மின்செலவைக் குறைக்க ஜலூத் என்ற ஊரில் சூரிய மின்நிலையம் அமைக்கத்தான் இந்தூர் மாநகராட்சி 2023 பிப்ரவரியில் 244 கோடி திரட்டியது. ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் 250 ரூபாயாக நான்கு துண்டு. அவை முறையே 3, 5, 7, 9 வருடங்களில் முதிரும், அப்போதுதான் அந்தந்தத் துண்டின் அசல் திரும்பும். கடைசித் துண்டுக்கு 2032 வரை காத்திருக்க வேண்டும், நகைக்கடனையோ வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். நடுவில் விற்கப் போனால் வாங்க ஆள் கிடைப்பது சுலபமில்லை.

அப்புறம் அந்த ‘அரசு சார்ந்தது’. இதுபோன்ற பத்திரங்களுக்குப் பணம் வருவது அரசு கஜானாவிலிருந்து அல்ல, பத்திரத்தை விற்ற அமைப்பு வசூலிக்கும் வரி, தண்ணீர்க் கட்டணம், சுங்கம் ஆகியவற்றிலிருந்து. வசூல் வரும்வரை சரி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பொது மின் அமைப்பு, இனிமேல் விற்கப்போகும் மின்சாரத்தை நம்பி இரண்டு அணுமின் நிலையங்களுக்காக 225 கோடி டாலருக்குப் பத்திரம் விற்றது. 1982இல் கட்டுமானத்தையே கைவிட்டார்கள். மின்சாரம் வராவிட்டாலும் பணம் கட்டுவோம் என்று உள்ளூர் மின்வாரியங்கள் போட்ட ஒப்பந்தம் செல்லாது என மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, 1983இல் மொத்தக் கடனும் திரும்பாமல் நின்றது. அதுவும் அரசு சார்ந்ததுதான்.

எனக்குக் கவலை பத்திரத்தைவிட உங்கள் பழக்கம்தான். சகலை கேட்டால் நகை, மச்சான் சொன்னால் நகை. அது உங்கள் மனைவியின் நகை, அவரிடம் கேட்டீர்களா என்பது கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நாளைக்கே கடனை அடைத்து நகையைத் திருப்பி அவர் கையில் கொடுங்கள். பத்திரம் வேண்டுமென்றால் சம்பளத்தில் மாதம் ஐந்தாயிரம் ஒதுக்கிவிட்டு அடுத்த வருடம் எழுதுங்கள், அப்போது பார்க்கலாம்.