கிளாக்ஸ்விக்கின் 2023: பரோயே கால்பந்து பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே, அட்லாண்டிக்கில் 18 தீவுகள். மொத்த ஜனத்தொகை சுமார் 54,000. டென்மார்க் முடியாட்சிக்குள் தன்னாட்சி உள்ள பரோயே தீவுகள் இவை. நான் 2019 முதல் இவர்களுடைய லீக்கை விடாமல் பார்க்கிறேன். இரண்டு முறை அங்கே போயும் வந்தேன். 2023-இல் கே.ஐ. கிளாக்ஸ்விக் என்ற கிளப் ஆடிய சீசனைப் பற்றிப் பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, எங்கள் வியாசர்பாடி அளவுகூட ஜனம் இல்லாத நாட்டில் லீக் எப்படி நடக்கிறது?

நன்றாகவே நடக்கிறது தம்பி. முதல் பிரிவில் 10 கிளப்கள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வொன்றோடும் மூன்று முறை ஆடும், ஆக 27 ஆட்டம். மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் சில மணி நேரம்தான், காற்றும் ஆளைத் தள்ளும்.

லீக் 1942-இல் தொடங்கியது. முதல் சாம்பியனே கிளாக்ஸ்விக்தான். 1944-இல் மட்டும் போட்டி நடக்கவில்லை. போர்க்காலத்தில் ஆடுவதற்குப் பந்து கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்!

2023-இல் அப்படி என்னதான் நடந்தது?

கிளாக்ஸ்விக் என்பது சுமார் 5,000 பேர் வாழும் மீன்பிடித் துறைமுக ஊர். முந்தைய ஆண்டு லீக்கை வென்றதால், ஐரோப்பியக் கிளப்களின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றுக்குப் போனார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என இரண்டு ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. முதல் எதிரி ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷ், ஐரோப்பியப் போட்டிகளில் பழந்தின்று கொட்டை போட்ட அணி. சொந்த ஊரில் 0-0. 'சரி, மானம் தப்பியது, அங்கே போய் அடி வாங்குவார்கள்' என்றுதான் நானும் நினைத்தேன். புடாபெஸ்டில் 3-0 என்று ஜெயித்தார்கள். அந்த மூன்றில் இரண்டு கோல் ஆர்னி ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் அடித்தது. மறுநாளே ஃபெரென்ஸ்வாரோஷ் தன் பயிற்சியாளர் செர்செசோவை நீக்கிவிட்டது.

அடுத்து சுவீடன் சாம்பியன் ஹேக்கென். சொந்த ஊரில் 0-0, சுவீடனில் 3-3, கடைசியில் பெனால்டியில் வென்றது கிளாக்ஸ்விக். என் கணக்கில் அந்த சீசனின் உண்மையான திருப்பம் இதுதான், புடாபெஸ்ட் அல்ல. ஏனென்றால் அந்தச் சுற்றைத் தாண்டிய சாம்பியன் அணி அதற்குப் பிறகு தோற்றுக்கொண்டே போனாலும், ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் குரூப் கட்டம் உறுதி. பரோயேவின் எந்தக் கிளப்பும் அதுவரை எந்த ஐரோப்பியப் போட்டியின் குரூப் கட்டத்தையும் தொட்டதில்லை. கடைசிப் பெனால்டி முடிந்த நொடியில் நான் எழுந்து நின்று அழுதுவிட்டேன்.

அப்புறம் நார்வேயின் மோல்டேயை ஊரில் 2-1 வென்று, அங்கே கூடுதல் நேரத்தில் 2-0 தோற்றார்கள். அதனால் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் கடைசித் தகுதிச் சுற்றுக்கு இறங்கினார்கள், அங்கே மால்டோவாவின் ஷெரிஃப் வெளியேற்றியது. கான்ஃபரன்ஸ் லீக் குரூப்பில் லீல், ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா, ஒலிம்பியா லூப்லியானா. பிரான்சின் லீல் அணியை 0-0 என்று நிறுத்தினார்கள், ஒலிம்பியாவை 3-0 வென்றார்கள். மொத்தம் 4 புள்ளி, கடைசி இடம். இதற்கு நடுவே ஊர் லீக்கையும் தொடர்ந்து மூன்றாவது வருடமாக வென்றார்கள்.

ஏதோ ஒரு வருடம் அதிர்ஷ்டம் அடித்தது என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. 1992-இல் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் பரோயே கிளப் இவர்கள்தான். லாட்வியாவின் ஸ்கோன்டோ ரீகா அணியிடம் இரண்டு ஆட்டமும் தோற்றார்கள். 1999-இல் லீக்கை வென்ற பிறகு அடுத்த கோப்பைக்கு 20 வருடம் காத்திருந்தார்கள். 2020-இல் ஜார்ஜியாவின் டினமோ டிபிலிசியை 6-1 என்று புரட்டி எடுத்து, குரூப் கட்டத்துக்கு ஒரே படி கீழே அயர்லாந்தின் டண்டாக்கிடம் வீழ்ந்தார்கள். அந்த வலியோடு வந்த அணி இது. 2023-இல் நடந்ததை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும்.

தூத்தூர்க்காரன் கேட்கிறேன். எங்கள் ஊரிலும் கடலுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைகள்தான் பந்து ஆடுகிறார்கள். அங்கே ஆட்டக்காரர்கள் வேலைக்குப் போவார்களா?

பலரும் போகிறார்கள். பகலில் வேலை அல்லது படிப்பு, சாயங்காலம் பயிற்சி. முன்பு நிலைமை இன்னும் கடினம். 1990-இல் பரோயே தேசிய அணி நட்பாட்டம் அல்லாத தன் முதல் ஆட்டத்தில் ஆஸ்திரியாவை 1-0 வென்றது. கோல் அடித்த டோர்கில் நீல்சன் மரம் விற்பனை செய்தவர், சதுரங்கமும் ஆடுவார். குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடு கோல் காத்த யென்ஸ் மார்ட்டின் க்னுட்சன் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 'சொந்த ஊர்' ஆட்டமான அதை சுவீடனின் லான்ட்ஸ்க்ரோனாவில் ஆட வேண்டியிருந்தது. சர்வதேச ஆட்டத்துக்கு ஏற்ற புல்தரை அப்போது நாட்டிலேயே இல்லை.

இப்போது புல் இருக்கிறதா?

செயற்கைப் புல். அதுதான் இந்த நாட்டுக் கால்பந்தைத் தூக்கி நிறுத்தியது என்பேன். ஓயாத மழையில் மண் தரை சேறாகிவிடும். செயற்கைத் தரையில் வருடம் முழுக்கப் பிள்ளைகள் ஆடலாம். கிளாக்ஸ்விக்கில் நான் பார்த்தது: சாரல் பக்கவாட்டில் அடிக்கிறது, மலையுச்சி மேகத்துக்குள் போய்விட்டது, எட்டு வயதுப் பெண் பிள்ளைகள் பயிற்சியை நிறுத்தவே இல்லை. முடித்துவிட்டுத் தரையோரம் உட்கார்ந்து ஷூவுக்குள் புகுந்த கறுப்பு ரப்பர் துகள்களைத் தட்டிக் கொட்டினார்கள். அப்புறம் பெரியவர்களின் ஆட்டம் பார்க்க அப்படியே கம்பியோரம் நின்றுகொண்டார்கள்.

தீவுக்குத் தீவு படகில் போவார்களா?

பெரும்பாலும் சாலைதான். கிளாக்ஸ்விக்குக்கு 2006-இல் கடலடிச் சுரங்கப்பாதை வந்தது. 2020 டிசம்பரில் தலைநகர் டோர்ஸ்ஹாவ்னிலிருந்து இன்னொன்று, 11 கிலோமீட்டர் நீளம், கடலுக்கு அடியிலேயே ஒரு ரவுண்டானா! தலைநகருக்கும் கிளாக்ஸ்விக்குக்கும் இடையே 68 நிமிடப் பயணம் 36 நிமிடமானது. குரூப் ஆட்டங்கள் தலைநகரின் டோர்ஸ்வோலுர் மைதானத்தில் நடந்தபோது ஊர்க்காரர்களுக்கு அது பெரிய வசதி. தெற்கே சுதுரோய் தீவுக்கு மட்டும் இன்னும் சுமார் இரண்டு மணி நேரப் படகுப் பயணம்.

ஐரோப்பியப் போட்டியில் ஆடிப் பெரிய பணம் வந்தால் இனி கிளாக்ஸ்விக் மட்டுமே ஜெயிக்காதா?

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. குரூப்பில் நுழைந்ததற்கே 29.4 லட்சம் யூரோ. பலரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடும் லீக்கில் அது மலை போன்ற தொகை. ஆனால் 2024-இல் லீக்கை வென்றது வீகிங்குர், இரண்டு சின்ன ஊர்க் கிளப்கள் 2008-இல் ஒன்றுசேர்ந்து உருவான அணி. 2025-இல் மறுபடி கிளாக்ஸ்விக். இரண்டு வருடத்தை வைத்து முடிவு சொல்ல முடியாதுதான். இருந்தாலும் பணம் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு மட்டும் போகாமல், அந்தக் கம்பியோரம் நின்ற பிள்ளைகளின் பயிற்சிக்கும் போக வேண்டும் என்பது என் ஆசை.

நேரில் பார்க்க எப்போது போகலாம் அண்ணா?

ஜூலைக்குப் போங்கள். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஐரோப்பியத் தகுதிச் சுற்றும் அப்போதுதான். குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அந்தக் காற்றில் நிற்காது. நல்ல மழைக்கோட்டு ஒன்று போதும்.