பாயின்செட்டியாவில், அதாவது கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பு இலைகளோடு தொட்டியில் விற்கும் செடியில், நாமே ஒரு புது ரகம் உருவாக்கி, அதை விவரித்துப் பதிவு செய்ய முடியுமா?

முடியும். ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. விதை போட்டு இதுவரை யாரிடமும் இல்லாத ஒரு செடியை வளர்த்தெடுப்பது ஒன்று, அது பொறுமை இருக்கிற யாருக்கும் கைவரும். அந்தச் செடியை ஒரு ரகமாக்குவது, அதாவது அதிலிருந்து வெட்டி நட்ட ஒவ்வொரு செடியும் அதே மாதிரி வருகிறது என்று காட்டி, பார்க்க அதைப் போலவே இருக்கும் இன்னொரு ரகத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று எழுத்தில் வைப்பது, அது வேறு. அலங்காரச் செடிகளை மதிப்பிட்டு விவரக்குறிப்பு எழுதுகிற வேலையில் இருப்பதால் சொல்கிறேன், பெரும்பாலான நல்ல நாற்றுகள் இந்த இரண்டாவது கட்டத்தில்தான் நின்று போகின்றன.

முதலில் பூ. சிவப்பாகத் தெரிவதெல்லாம் பூவடிச்செதில்கள், நிறம் மாறிய இலைகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மஞ்சளும் பச்சையுமாகக் கொத்தாக இருக்கும் சின்னக் குமிழ்கள்தான் சயாத்தியம் என்ற பூக்கொத்து. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெண் பூ, அதைச் சுற்றி ஆண் பூக்கள், ஒவ்வொரு ஆண் பூவும் ஒற்றை மகரந்தத்தாள், பக்கவாட்டில் உதடு மாதிரி ஒரு மஞ்சள் தேன்சுரப்பி. தாயாக வைக்கப்போகும் செடியில் மகரந்தப்பைகள் வெடிப்பதற்கு முன்பே இடுக்கியால் ஆண் பூக்களை எடுத்துவிட்டு, தந்தைச் செடியின் மகரந்தத்தைப் பெண் பூவின் நுனியான சூலகமுடியில் தடவ வேண்டும். வெட்டுப்பட்ட இடத்தில் பால் வடிந்து சூலகமுடி மேல் படிந்தால் அந்தப் பூ வீண், அதனால் பாலைத் துடைத்துத் துடைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். நவீன ரகங்கள் பலவற்றில் பெண் பூ சரியாக வளர்வதே இல்லை, ஆகவே எது நன்றாகக் காய்க்கிறது என்று பார்த்து அதைத் தாயாக்குங்கள். காய் பிடித்தால் உள்ளே அதிகபட்சம் மூன்று விதை. முற்றினதும் வெடித்துத் தெறித்துவிடும், முன்கூட்டியே வலைப்பையால் கட்டிவிடுங்கள்.

இந்த ரகங்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தண்டு வெட்டி நட்டே பெருக்கப்பட்டவை, உள்ளே மரபணுக்கள் கலந்து கிடக்கின்றன. அதனால் ஒரே காயின் மூன்று விதைகளும் மூன்று விதமாக வரும். பொதுவாகச் சிவப்பு ஓங்கியது, வெள்ளை ஒடுங்கியது, எனவே இரண்டு சிவப்புகளைக் கலந்தாலும் வெள்ளை எட்டிப்பார்க்கலாம். வெள்ளையின் காரணத்தை 2021ல் வந்த ஓர் ஆய்வு நன்றாகக் காட்டியது: சிவப்பு நிறமியைச் செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் குளுட்டதயோன் டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற புரதத்தின் மரபணுவில் நாலு டி.என்.ஏ எழுத்து விடுபட்டுப்போனால் செதில் வெளுத்துவிடுகிறது. அந்த இடம் எளிதில் மாறக்கூடியது என்பதும் இந்தச் செடியில் நிறம் இப்படித் தாவித் தாவி மாறுவதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதே 2021ல் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் இன்னொரு மரபணுவை முடக்கி, அடர் சிவப்பு ரகத்தை ஆரஞ்சு கலந்த சிவப்பாக மாற்றியும் காட்டினார்கள். நீல பாயின்செட்டியா என்று விற்கப்படுவது சாயம் தெளித்தது. கலப்பில் நீலம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

வேற்றினக் கலப்பும் உண்டு. யூஃபோர்பியா கார்னாஸ்ட்ரா என்ற மெக்சிகோ உறவுச் செடியோடு கலந்ததில் வந்தவைதான் பிரின்செட்டியா வகைகள், செதில் சின்னதாக, எண்ணிக்கையில் நிறைய, பளிச்சென்ற இளஞ்சிவப்பு. ஆனால் அப்படிக் கலக்கும்போது கரு பாதியிலேயே இறந்துவிடும், அதைக் காய்க்குள்ளிருந்து எடுத்து ஆய்வகத்தில் ஊட்டம் கொடுத்து வளர்க்க வேண்டும். வீட்டில் ஆரம்பிக்கிறவர் புல்கெரிமாவுக்குள்ளேயே, அதாவது சாதாரண பாயின்செட்டியா இனத்துக்குள்ளேயே இருப்பது நல்லது, அதிலேயே ஒரு ஆயுளுக்குப் போதுமான வேறுபாடு கிடக்கிறது.

இனி சொல்லப்போவது பலருக்கும் தெரியாது, ஆனால் இது தெரியாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. விதையில் முளைத்த நாற்றின் நுனியைக் கிள்ளிப் பாருங்கள், மேலே இரண்டு மூன்று கிளை மட்டும் நெட்டையாக வரும். கடையில் வாங்கும் ரகத்தைக் கிள்ளினால் கீழ்க்கணு வரை தளிர்விட்டு ஏழெட்டுக் கிளையோடு தொட்டி நிறைந்து நிற்கும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அந்த ரகத்தின் மரபணு இல்லை. செடியின் உணவைக் கடத்தும் குழாய்களான புளோயத்துக்குள் வாழும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவர் இல்லாத ஒரு பாக்டீரியா. ஒட்டுக் கட்டினால் இந்தக் கிளைக்கும் குணம் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்பது முன்பே தெரிந்திருந்தது, போவது என்ன என்பதைத்தான் இங்-மிங் லீயும் உடன் ஆய்வாளர்களும் 1997ல் நிறுவினார்கள். மற்றச் செடிகளில் நோயாகப் பார்க்கப்படும் ஒரு கிருமிக் கூட்டத்தைச் சேர்ந்தது இந்தச் செடியில் அழகைக் கொடுக்கிறது, எனக்கு இன்றுவரை வியப்பு தீராத விஷயம் இது.

விதை வழியாக இந்தக் கிருமி போவதில்லை. அதனால் உங்கள் புது நாற்று எவ்வளவு நல்ல நிறமாக இருந்தாலும், நன்றாகக் கிளைக்கும் ஒரு ரகத்தை வேர்ச்செடியாக வைத்து அதன் மேல் ஒட்டுக் கட்டி, ஒட்டு கூடி சில வாரங்கள் ஓடிய பிறகு மேல்தண்டிலிருந்து போத்து, அதாவது நடுவதற்கான தண்டுத் துண்டு, வெட்டிப் புதிதாக வேர்விடச் செய்ய வேண்டும். அப்படி வந்த செடிகளைத்தான் ரகம் என்று மதிப்பிட வேண்டும், ஏனென்றால் உயரம், அகலம், கிளை எண்ணிக்கை, ஏன் செதில் அளவுகூட ஒட்டுக்குப் பிறகு மாறிவிடும். ஒட்டுக்கு முன் எடுத்த அளவுகளை விவரக்குறிப்பில் எழுதினால் அது வேறொரு செடியைப் பற்றி எழுதியது மாதிரிதான்.

கலப்பே செய்யாமல் புது ரகம் கிடைப்பதும் உண்டு. சிவப்புச் செடியில் ஒரு கிளை மட்டும் இளஞ்சிவப்பாக வந்து நிற்கும், அதை வெட்டி நட்டால் அதே நிறம் வரும். நார்வேயில் தோர்மோட் ஹெக் 1964ல் கொண்டுவந்த ஆனெட் ஹெக் என்ற ரகத்திலிருந்து இப்படிப் பிரிந்த நிறங்களே ஒரு குடும்பமாக ஆகின. கதிர்வீச்சு கொடுத்து இதை வேண்டுமென்றே வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல்: இப்படி வருபவற்றில் பல, வெளித்தோல் அடுக்கு ஒரு மரபு, உள் அடுக்கு வேறு மரபு என்று இரண்டு திசு சேர்ந்து வாழும் செடிகள். கணுமொட்டு உள்ள போத்தாக வெட்டினால் அடுக்கு அப்படியே வரும், திசு வளர்ப்பில் புதுத் தளிரை உண்டாக்கினால் அடுக்கு பிரிந்து பழைய நிறம் திரும்பிவிடலாம். அதனால் ஒரு தலைமுறை போத்தைப் பார்த்துவிட்டு நிலையானது என்று சொல்லாதீர்கள், போத்திலிருந்து போத்து என்று அடுத்தடுத்துப் போய்ப் பார்க்க வேண்டும்.

மதிப்பிடும்போது எல்லோரும் நிறத்தையே பார்க்கிறார்கள். நான் முதலில் கிளையைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்ப்பேன், அடியில் பிய்த்துக்கொண்டு வந்தால் அந்தச் செடி உறையில் போட்டு லாரியில் ஏறித் தாங்காது. உறைக்குள் அடைபட்ட செடியில், செடியே வெளிவிடும் எத்திலீன் வாயு சேர்ந்து இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்துவிடும், உறையைப் பிரித்த பிறகு எவ்வளவு சீக்கிரம் நிமிர்கிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறும். அப்புறம் வெளிச்சம் குறைந்த அறையில் வைத்து, சயாத்தியம் உதிர்கிறதா, செதில் ஓரம் கருகுகிறதா, நிறம் வெளிறுகிறதா என்று வாரக்கணக்கில் கவனிக்க வேண்டும். இருட்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இது குறும்பகல் செடி, நிறம் வரத் தினமும் சுமார் 14 மணி நேரம் தடையில்லாத இருட்டு கொடுப்பது வழக்கம், ரகத்தைப் பொறுத்து 6 முதல் 10 வாரத்தில் பூக்கும். இரவில் விளக்கு வெளிச்சம் விழுந்த பக்கம் செதில்கள் பச்சையும் சிவப்புமாகக் குழம்பி நிற்கும். இரவு வெப்பம் அதிகமானாலும் பூப்பது தள்ளிப்போகும். அப்படிப்பட்ட செடியை அளந்து என்ன எழுதினாலும் பயனில்லை.

சரி, விவரக்குறிப்புக்கு வருவோம். ஓர் இனத்தை விவரிப்பதும் ரகத்தை விவரிப்பதும் ஒன்றல்ல. யூஃபோர்பியா புல்கெரிமா என்ற இனம் 1834லேயே விவரிக்கப்பட்டுவிட்டது. உங்கள் வேலை அந்த இனத்துக்குள் இந்தச் செடியை மற்ற எல்லாவற்றிலிருந்தும் தனியாகக் காட்டுவது. புதிய தாவர ரகங்களைக் காக்கும் சர்வதேச அமைப்பான யூபோவின் உடன்படிக்கை வழி நடக்கும் நாடுகளில் கேட்பது மூன்று: வேறுபட்டிருக்க வேண்டும், செடிக்குச் செடி ஒரே சீராக இருக்க வேண்டும், பெருக்கினாலும் மாறாமல் நிலைத்திருக்க வேண்டும். பாயின்செட்டியாவுக்கென்றே அவர்களிடம் ஒரு சோதனை வழிகாட்டி இருக்கிறது, ஆரம்பத்திலேயே அதைப் படித்து அதன் வரிசையிலேயே குறிப்பெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

நல்ல குறிப்பு செடியிலிருந்து தொடங்காது, செடி வளர்ந்த நிலைமையிலிருந்து தொடங்கும். பெற்றோர் யார், எந்த அளவுத் தொட்டி, தொட்டிக்கு எத்தனை செடி, கிள்ளப்பட்டதா, பகலிலும் இரவிலும் என்ன வெப்பநிலை, குட்டையாக்கும் மருந்து தெளிக்கப்பட்டதா, அளந்தபோது வயது என்ன. அதற்குப் பிறகுதான் இலையின் வடிவம், மடல்கள், காம்பின் நீளமும் நிறமும், செதிலின் எண்ணிக்கை, வடிவம், சுருக்கம், மேல்புறமும் அடிப்புறமும் தனித்தனி நிறம், விரியும்போது ஒரு நிறம், முழுதாக விரிந்த பின் ஒரு நிறம், சயாத்தியத்தின் அளவு, தேன்சுரப்பியின் நிறம். காம்பின் நிறத்தை அலட்சியமாக விடாதீர்கள். ஒரே மாதிரிச் சிவப்பாகத் தெரியும் இரண்டு ரகங்களில் ஒன்றின் காம்பு மேல்புறம் மட்டும் சிவந்தும் மற்றொன்று முழுக்கச் சிவந்தும் இருக்கும், பிரித்துச் சொல்ல அது போதும்.

நிறத்தை வார்த்தையில் எழுதி ஒப்பேற்ற முடியாது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் கொடுத்து பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் வெளியிடும் ஆர்.எச்.எஸ் வண்ண அட்டையைப் பக்கத்தில் வைத்து எண்ணைக் குறிக்க வேண்டும். நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், நரம்பை விட்டுவிட்டு, நன்றாக விரிந்த ஒரு செதிலின் நடுப்பகுதியை அட்டையின் துளைக்கு அடியில் பிடித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் செதில் இரண்டு எண்களுக்கு நடுவில் வந்து நிற்கும், அப்போது எது நெருக்கமோ அதை எழுதி, அதைவிட அடர்ந்ததா வெளிறியதா என்றும் எழுதிவிட வேண்டும். மிக நெருங்கிய ரகத்தை அதே மேசையில், அதே நாளில் நட்டு, அதே நேரத்தில் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். “எங்கள் ரகம் அதிக அழகு” என்பது ஒப்பீடு ஆகாது, “அதே நிலைமையில் ஒரு வாரம் முன்னதாகப் பூக்கிறது, காம்பு பச்சை” என்பதுதான் ஒப்பீடு.

பெயரும் இரண்டு வேண்டும். பதிவேட்டில் நிற்கும் ரகப் பெயர் ஒன்று, எல்லா நாட்டிலும் அதுவேதான், காப்புக் காலம் முடிந்த பிறகும் அதுவே. விற்பனைக்கு வைக்கும் வணிகப் பெயர் தனி. கவர்ச்சியான பெயரை ரகப் பெயராகக் கொடுத்துவிட்டால் பிறகு அதை வணிகச் சின்னமாக உங்களுக்கென்று வைத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் பெரிய வளர்ப்பாளர்கள் ரகப் பெயராக உச்சரிக்கக் கடினமான ஏதோ எழுத்துக்கூட்டைக் கொடுக்கிறார்கள்.

காப்புரிமை கேட்கப் போகிறீர்கள் என்றால் விற்பனைத் தேதியில் கவனம் வையுங்கள். யூபோவ் முறையில் சொந்த நாட்டில் விற்க ஆரம்பித்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும், இந்த மாதிரிச் செடிகளுக்கு வெளிநாட்டு விற்பனைக்கு நான்கு வருடம் வரை இடம் உண்டு. அமெரிக்காவில் 1930லிருந்தே தாவரக் காப்புரிமை இருக்கிறது, போத்து மாதிரி விதையில்லாமல் பெருக்கிய ரகங்களுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். இன்னொருவரின் காப்பு பெற்ற ரகத்தைக் கலப்புக்குப் பெற்றோராக வைப்பதை யூபோவ் அனுமதிக்கிறது. ஆனால் அவர் ரகத்தில் தற்செயலாக நிறம் மாறி வந்த கிளையை நீங்கள் எடுத்தால் அது அவருடைய ரகத்திலிருந்து அடிப்படையில் பெறப்பட்டது என்று கருதப்படலாம், 1991 உடன்படிக்கை நடப்பில் உள்ள நாடுகளில் அதை விற்க அவர் சம்மதம் தேவைப்படும். ஆகவே கிளை கண்ணில் பட்டவுடன், நிறத்தைக் குறித்துக்கொள்வதற்கும் முன்னால், தாய்ச்செடி எந்த ரகம் என்று சொல்லும் சீட்டை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.