இன்னும் நாலு வரி

அன்புள்ள ஐயா,

லீட்ஸில் வேலை பார்க்கிறேன். ஈஸ்டர் விடுமுறையில் குடும்பத்தோடு ஃபவுண்டன்ஸ் மடத்தின் இடிபாடுகளைப் பார்க்கப் போனோம். 1132-இல் யார்க் நகரத்து மடம் ஒன்றின் சொகுசு பிடிக்காமல் வெளியேறிய பதின்மூன்று துறவிகள், மரத்தடியில் குளிர்காலத்தைக் கழித்துத் தொடங்கிய இடம் என்று படித்தேன். பிறகு சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்திருக்கிறார்கள். அப்படி எளிமையைத் தேடி வந்தவர்கள் இருநூறு ஆண்டுகளுக்குள் இத்தாலிய வியாபாரிகளுக்குக் கம்பளி விற்கும் பெரும் பணக்காரர்கள் ஆகிவிட்டார்கள். இது பாசாங்குதானே? அரசர் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் மடங்களை மூடியது சரிதானோ என்று கூடத் தோன்றியது. இந்தச் சபை நம் பக்கம் உண்டா? இந்தச் சபையின் பேர்பெற்ற எழுத்தாளர் புனித பெர்னார்டை எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

எல்லாம் இடிந்து கிடக்க, ஒரு நீளமான கிடங்கு மட்டும் வளைவுக் கூரையோடு அப்படியே நிற்கிறது. நம் ஊர் வௌவால் நெற்றி மண்டபம் போல. என் மகள் அதில் ஓடி ஓடி விளையாடினாள். படம் இணைத்திருக்கிறேன்.

ர.

*

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த வாரம் என் மேசையில் ரீவோ மடத்தலைவர் ஏல்ரெட்டின் வாழ்க்கை வரலாறு விரிந்து கிடந்தது. அவருடைய சீடர் வால்டர் டேனியல் எழுதியது. ரீவோவும் யார்க்‌ஷயரில்தான் இருக்கிறது, அதுவும் 1132-இல்தான் தொடங்கியது. அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் எழுத வராது.

பெர்னார்டை இப்போதைக்கு விடுங்கள். 1146-இல் பிரான்சின் வெஸலேயில் நின்று இரண்டாம் சிலுவைப்போருக்கு ஆள் திரட்டியவர் அவர். அவருடைய மொழியின் அழகு எனக்கும் தெரியும். அந்தப் பேச்சை நம்பிப் போய்த் திரும்பாமல் போனவர்களை மறந்துவிட்டு அதை ரசிக்க என்னால் முடியவில்லை. ஏல்ரெட் நட்பைப் பற்றி எழுதியதிலிருந்து தொடங்குங்கள். நம் பக்கம் உண்டா என்றால், உண்டு. கேரளத்தில் வாகமண் அருகே குரிசுமலை ஆசிரமம். பெல்ஜியத்திலிருந்து வந்த பிரான்சிஸ் ஆச்சாரியா 1958-இல் அங்கே அமைத்தது. மாடு வளர்த்துப் பால் கறந்து வாழ்கிறார்கள். ஊருக்கு வரும்போது போய் ஒரு நாள் இருங்கள்.

ஹென்றியைப் பற்றிய வரியை நீங்கள் யோசிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். 1539-இல் ஃபவுண்டன்ஸை அரசர் எடுத்துக்கொண்டது ஏழைக்கு நிலம் கொடுக்கவா? மறு ஆண்டே லண்டன் வணிகர் ரிச்சர்ட் கிரெஷம் அதை வாங்கினார். 1536-இல் வடக்கு இங்கிலாந்தின் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு எழுந்தார்களே, அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று மடங்களை மூடாதே என்பது. அவர்களுக்குக் கிடைத்தது தூக்குக்கயிறு. கொள்ளையடித்தவனைச் சீர்திருத்தக்காரன் ஆக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது பாசாங்கு என்ற சொல்லைவிடக் கிடங்கு என்ற சொல்தான்.

நீங்கள் படம் எடுத்த அந்தக் கட்டடம் ஏறக்குறைய 90 மீட்டர் நீளம். வடபக்கம் சாமான் வைத்திருந்தார்கள் என்பது சரி. தென்பக்கம் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்ட இடம். அதற்கு மேல்தளம் முழுக்க அவர்கள் படுத்துறங்கிய கூடம். மேல்தளத்தின் கூரை போய்விட்டதால் கீழே இருப்பது கிடங்காகத் தெரிகிறது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு லத்தீனில் கொன்வெர்ஸி என்று பெயர், மனம் திரும்பியவர்கள் என்று பொருள். மடத்தின் உடலுழைப்பைச் செய்தவர்கள் இவர்கள், தமிழில் உழைப்புச் சகோதரர்கள் என்று சொல்லிக்கொள்கிறேன். துறவிகள் முகம் மழித்திருந்தார்கள். இவர்கள் தாடி வைத்திருந்தார்கள். துறவிகள் தேவாலயத்தின் கிழக்கே பீடத்துக்கு அருகில் நின்று பாடினார்கள். இவர்கள் இடையில் எழுப்பிய சுவருக்கு இந்தப் பக்கம், மேற்கே நின்றார்கள். உண்ணும் அறை வேறு, உறங்கும் அறை வேறு, நோயாளிக் கூடம் வேறு. கடைசி வரை இவர்களில் ஒருவர் துறவி ஆக முடியாது.

இதில் என்னால் தாண்டிப் போக முடியாத ஒரு விதி இருக்கிறது. சகோதரர்களுக்கென்று சபை எழுதிவைத்த ஒழுங்குமுறையில் வருவது. எவரும் புத்தகம் வைத்திருக்கக் கூடாது. பரலோக மந்திரம், விசுவாசப் பிரமாணம், 'கடவுளே எனக்கு இரங்கும்' என்ற திருப்பாடல், இன்னும் சொல்ல வேண்டியவை சில. இவற்றைத் தவிர எதையும் கற்கக் கூடாது. இவற்றையும் எழுத்துப் பார்த்துக் கற்கக் கூடாது, கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் யாருக்குத்தான் படிக்கத் தெரியும் என்று சமாதானம் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்துகொள்ளாதே என்று சட்டம் போடுவது வேறு. அதுவும் யார் போட்டது? ஏடுகளைக் கண்ணாகக் காத்து, பைபிளின் ஒவ்வொரு சொல்லையும் திருத்திப் படியெடுத்த சபை. அதன் மூன்றாம் தலைவர் ஸ்டீபன் ஹார்டிங், லத்தீன் பைபிளில் பிழை இருக்குமோ என்று யூத அறிஞர்களிடம் போய்க் கேட்டுத் திருத்தியவர். எழுத்தின் அருமை தெரிந்த கை இந்த விதியை எழுதியிருக்கிறது.

நீங்கள் கேட்ட பணத்தின் கதையும் இதற்குள்தான் இருக்கிறது. 1098-இல் பிரான்சின் சீத்தோவில் சபை தொடங்கியபோது, குத்தகை வாங்கித் தின்ன மாட்டோம், குடியானவன் விளைச்சலில் பத்தில் ஒன்றாகத் தரும் தசமபாகம் வேண்டாம், எங்கள் கையால் உழைத்து உண்போம் என்றார்கள். பொய்யாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னார்கள். ஆனால் நாளுக்கு ஏழு வேளையும் நள்ளிரவில் ஒரு வேளையும் பாட வேண்டியவன் எப்போது ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பான்? ஒரு நாள் நடைதூரத்தில் இருக்கும் பண்ணைக்கு எப்போது போய்த் திரும்புவான்? அந்தப் பண்ணைகளுக்கு கிரேஞ்ச் என்று பெயர். அங்கே வாரம் முழுக்கக் கிடந்து உழைத்தவர்கள் கொன்வெர்ஸிகள். கூலி கிடையாது, பெண்டாட்டி பிள்ளை கிடையாது, பங்கு கேட்க வாரிசு கிடையாது. 1132-இல் போப் இரண்டாம் இன்னொசென்ட், சொந்த உழைப்பில் விளைந்ததற்குச் சபை தசமபாகம் தர வேண்டாம் என்று சலுகையும் கொடுத்தார். துறவி மெலிந்த ரொட்டி தின்றான், சாயம் போடாத கம்பளி உடுத்தினான், செலவு இல்லை. வரவு மட்டும் குவிந்துகொண்டே போனது. பாசாங்கு செய்து சம்பாதித்திருந்தால் இவ்வளவு சேர்ந்திருக்காது. உண்மையாக எளிமையாக இருந்ததால்தான் சேர்ந்தது. நீங்கள் ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்களே, அந்தக் கோபம் எனக்கு.

அவர்களை நல்லவர்கள் என்று நிறுவவும் நான் வரவில்லை. பார்னல்ட்ஸ்விக் என்ற ஊரில் 1147-இல் இதே சபையார் குடியேறினார்கள். திருநாளுக்கு ஊர் ஜனங்கள் தங்கள் பழைய கோயிலுக்கு வந்து போவது தியானத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று மடத்தலைவர் அலெக்சாண்டர் அந்தக் கோயிலையே இடித்துவிட்டார். ஊரார் வழக்குக்குப் போனார்கள், போப்பிடமும் போனது. தீர்ப்பு துறவிகள் பக்கம். அன்றைய போப்பும் இதே சபைக்காரர். அப்புறம் அந்த ஊர் குளிரும் மழையும் ஒத்துக்கொள்ளவில்லை என்று 1152-இல் வேறிடம் போய்விட்டார்கள். அந்த வேறிடம்தான் கிர்க்ஸ்டால். உங்கள் லீட்ஸுக்கு உள்ளேயே நிற்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை நீங்கள்.

ரீவோவுக்கு வருகிறேன். ஏல்ரெட் 1147-இலிருந்து 1167-இல் இறக்கும் வரை அங்கே தலைவர். சிறுநீரகக் கல்லும் மூட்டு நோயும் வாட்டி, நோயாளிக் கூடத்தருகே ஒரு சிற்றறையில் கிடந்தார். மடத்தார் இருபது முப்பது பேர் அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களாம். எங்கும் இடம் கிடைக்காத பலவீனர்களுக்கெல்லாம் ரீவோவில் இடம் இருந்தது என்கிறார் வால்டர். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கும் பகுதி அது. அதே புத்தகத்தில் ஒரு கணக்கு வருகிறது: ஏல்ரெட் இறந்தபோது மடத்தில் 140 துறவிகள், 500 உழைப்புச் சகோதரர்களும் வேலையாட்களும். திருநாளில் தேவாலயத்தில் அவர்கள் தேன்கூட்டில் தேனீக்கள் போல நெருக்கியடித்து நிற்பார்களாம். எத்தனை முறை படித்தாலும் இங்கே வந்து நின்றுவிடுவேன். தேனீ என்று சொல்லிவிட்டால் முகம் வேண்டியதில்லை. அந்த ஐந்நூறு பேரில் ஒருவருடைய முகம் எனக்குத் தெரியாது. இத்தனை அன்பான மனிதரின் வரலாற்றிலேயே இப்படி.

அவர்கள் குரல் கேட்க வேண்டுமானால் கலகம் நடந்த இடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் பக்கத்தில் ஷோனாவ் மடம். துறவிகளுக்கு ஆண்டுதோறும் புதுச் செருப்பு உண்டு, முழங்கால் வரை வரும் தோல் செருப்பு. சகோதரர்களுக்குக் கிடையாது. கொட்டிலிலும் சேற்றிலும் நிற்பவர்கள் இவர்கள். எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள், தலைவர் மறுத்தார். கிறிஸ்துமஸ் அன்று துறவிகளின் உறங்குமிடத்தில் புகுந்து அத்தனை செருப்பையும் வெட்டிப்போடுவது என்று ரகசியமாக முடிவு செய்தார்கள். அதற்குள் முன்னின்றவர் திடீரென்று இறந்துபோனார். மற்றவர்கள் நடுங்கி அடங்கிவிட்டார்கள். இது கடவுளின் தண்டனை என்று சபையின் நூல் எழுதிவைத்திருக்கிறது. எழுதியவர் துறவி. இந்தப் பக்கத்திலிருந்து எழுத யாருக்கும் எழுத்து கிடையாது.

இதை ஏன் இத்தனை நீட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். நான் ஒரு பிரதரை அறிவேன்.

அறுபதுகளின் நடுவில், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளி விடுதியில் இருந்தேன். நடத்தியது வேறொரு சபை, சிஸ்டர்சியன் கிடையாது, ஆனால் ஏற்பாடு இதேதான். சாமியார்களுக்கு மேசையும் வெள்ளைத் துணியும். பிரதருக்குச் சமையல்கட்டில் மணை. மாட்டுக்கொட்டில், கிணறு, விறகு எல்லாம் அவர் பொறுப்பு. கடைசி பெஞ்சுக்கும் பின்னால் முழங்காலில் இருப்பார். எழுதப்படிக்க வராது. ஆனால் லத்தீன் பூசை முழுக்க அவருக்குக் காதிலேயே பாடம். 'எத் கும் ஸ்பிரித்து தூவோ' என்று பையன்கள் இழுக்கும் இடத்தில் அவர் குரல் மட்டும் தடுமாறாமல் வரும். பிறகு பூசை தமிழுக்கு மாறியது. எங்கள் கையில் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். புரிகிற மொழி வந்துவிட்டதென்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம். பிரதரின் உதடு மட்டும் பின்னால் பழையபடி லத்தீனில் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வராது. ட்ராப்பிஸ்டுகள் துறவி, சகோதரர் என்ற இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கியது 1965-இல். சிஸ்டர்சியன் சபையின் கடுமையான கிளை அது. அங்கேயும் வயதான சகோதரர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்று பிற்பாடு படித்தபோது இவரைத்தான் நினைத்தேன். எண்ணூறு வருடத்துக்கு மேலாகக் காதால் மட்டும் கற்கச் சொல்லிவிட்டு, ஒரு நாள் கையில் தாளைத் திணித்தால் என்ன செய்வார்கள்?

ஒரு சாயங்காலம் கொட்டிலுக்குக் கூப்பிட்டு ஒரு இன்லண்டு கடிதத்தை நீட்டினார். ஊரிலிருந்து தம்பி எழுதியது. சாமியார்களிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார், எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. விளையாடப் போகும் அவசரம். கிறுக்கல் எழுத்து வேறு. சேமம், நலம், மழை இல்லை என்று வேகமாக வாசித்துவிட்டு மடித்தேன்.

"தம்பி, இன்னும் நாலு வரி கிடக்குல்லா?" என்றார்.

எழுத்து தெரியாதவர் வரியை எண்ணியிருக்கிறார். மறுபடி பிரித்து வாசித்தேன். கிணற்றடி வயலை விற்கப் போகிறோம், அண்ணன் துறவறம் போனவர், ஆனாலும் சட்டப்படி கைநாட்டு வேண்டும் என்றது அந்த நாலு வரி. அதை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மாட்டின் முதுகில் கை வைத்தபடி நின்றார். பிறகு, "எழுது. எனக்குப் பங்கு வேண்டாம். வந்து நாட்டு வச்சுத் தாரேன். செவலைப் பசு நிக்கா, அதையும் குடுத்தாச்சான்னு கேளு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோடையோடு நான் வேறு பள்ளிக்குப் போய்விட்டேன். நான் விழுங்கிய நாலு வரிக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அப்போது அது தப்பென்றே தோன்றவில்லை.

ர., மறுபடி ஃபவுண்டன்ஸ் போங்கள். மகளையும் கூட்டிப் போங்கள், ஓடி விளையாடட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. இது யார் வீடு என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். பிறகு தேவாலயத்துக்குள் வந்து கிழக்கே போகாமல் மேற்குக் கோடியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கேயிருந்து பார்த்தால் பீடம் இருந்த இடம் எவ்வளவு தூரம் என்று தெரியும். எழுதுங்கள்.

அன்புடன்.